வெள்ளம் வரும் முன்னே ஷட்டருக்குக் கிரீஸ் போடுங்கள்



சற்று நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும். டீச்சர் இல்லையா, கணக்குப் போடாமல் விடமாட்டேன்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "அணைகளைச் சீரமைக்க இத்தனை கோடி" என்று ஒரு படம் சுற்றியது. கை தட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவன், இப்போது அவனுக்கே கல்லூரிக்குப் போகும் பெண் இருக்கிறாள், தனியாகக் கேட்டான்: "டீச்சர், இது நல்லதுதானே? நீங்க ஏன் ஒண்ணும் சொல்லலை?"

நல்லதுதான் தம்பி. ஆனால் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணை கட்டவும், உடைந்த பிறகு திரும்பக் கட்டவும் அரசாங்கத்துக்குப் பணம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. உடையாமல் பார்த்துக்கொள்ள ஆண்டுதோறும் தேவைப்படும் சின்னத் தொகைதான் கிடைப்பதில்லை. ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி கொடுப்பதிலும் இதே கதைதான். உண்மையான விவசாயிக்குத் தாமதம், மண் வியாபாரிக்கு வழி. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். எவ்வளவு பணம் வந்தது, என்ன வேலை நடந்தது, யாருக்கு எவ்வளவு மண் எடுக்க அனுமதி என்பதை அந்தந்தக் கரையிலேயே, ஊரார் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும்.

இனி விவரத்துக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளிகள் எல்லாம் கொள்ளிடக் கரைப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பல பேரை முக்கொம்புக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறேன். காவிரி அங்கேதான் காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிகிறது. கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த மேலணை 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது. வெள்ளம் வந்தால் உபரி நீர் கொள்ளிடத்தில் போகும். தண்ணீர் குறைந்தால் ஷட்டரை இறக்கி காவிரிக்குத் திருப்புவார்கள். டெல்டாவின் பாசனத்துக்கு அதுதான் தலைவாசல்.

2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு அந்த மேலணையின் ஷட்டர்கள் உடைந்தன. மொத்தம் 45 ஷட்டர்களில் 9 ஆற்றோடு போயின. மணல் மூட்டையும் பாறாங்கல்லும் கொண்டுவந்து கொட்டி அடைத்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். மேட்டூர் நிரம்பி வழிந்த ஆண்டு அது. அதே ஆண்டில் கடைமடையில் "எங்களுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை" என்ற குரலும் கேட்டது. ஆறு நிறையத் தண்ணீர் போகும்போது ஷட்டர் உடைந்து, வயலுக்குத் தண்ணீர் இல்லாமல் போவதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

பிறகு சுமார் 387 கோடி ரூபாயில் அங்கே புதிய கதவணை கட்டினார்கள். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். 182 ஆண்டு உழைத்த பழைய கட்டுமானம் அது. என்றைக்காவது ஒரு நாள் மாற்ற வேண்டியதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. என் கேள்வி வேறு. அது உடைவதற்கு முந்தைய பத்து ஆண்டில் அந்த 45 ஷட்டர்களின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் எவ்வளவு செலவானது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? கரையில் நடந்து போகிற யாருக்காவது தெரிந்திருக்குமா? 387 கோடி நம் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அது செய்தியில் வந்தது. பராமரிப்புக் கணக்கு செய்தியில் வராது.

முக்கொம்பு ஒன்றுதானா என்று கேட்பீர்கள். சில தேதிகளை வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

2017 நவம்பர் 29. கிருஷ்ணகிரி அணையில் முதல் ஷட்டர் உடைந்தது. காமராசர் காலத்து அணை அது. பாடுபட்டுச் சேர்த்த தண்ணீரைத் திறந்துவிட்டு மட்டத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று.

2021 நவம்பர் 19. பக்கத்து ஆந்திராவில், கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்தது. ஐந்து ஷட்டர்களில் ஒன்று வேலை செய்யவில்லை. வந்த வெள்ளமும் மிகப் பெரியது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

2022 செப்டம்பர் 21. பரம்பிக்குளம் அணை. இருப்பது கேரளத்தில், பராமரிப்பது தமிழ்நாடு. மூன்று ஷட்டர்களில் ஒன்று நள்ளிரவில் அடித்துக்கொண்டு போனது. ஏறத்தாழ ஆறு டி.எம்.சி. தண்ணீர் வீணாகிக் கடலுக்குப் போனது.

2024 ஆகஸ்ட் 10. கர்நாடகத்தில் துங்கபத்திரா அணை. 33 ஷட்டர்களில் 19ஆம் எண் ஷட்டரின் சங்கிலி இரவில் அறுந்தது. பயன்பாட்டுக்கு வந்து எழுபது ஆண்டு கடந்த அணை. ஒரு வாரம் இரவு பகலாகப் பாடுபட்டு, ஓடுகிற தண்ணீரிலேயே தற்காலிகத் தடுப்பை இறக்கினார்கள். அந்தப் பொறியாளர்களையும் தொழிலாளிகளையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அதற்குள் எத்தனையோ டி.எம்.சி. ஆற்றோடு போய்விட்டது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? துங்கபத்திராவிலும் பரம்பிக்குளத்திலும் கிருஷ்ணகிரியிலும் அணையின் சுவர் நிற்கிறது. அந்தக் காலத்தில் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். போனது ஷட்டர். சங்கிலி, இரும்புக் கயிறு, எதிர் எடை, பற்சக்கரம், ரப்பர் பட்டை இவையெல்லாம் தேயும், துருப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியும் பகுதியில் பெயின்ட் அடித்துவிடலாம், தண்ணீருக்குள் இருக்கும் பகுதியை யார் பார்ப்பது? ஒவ்வொரு கோடையிலும் இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும். கிரீஸ் போட வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடுகிறதா, அதில் டீசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் விழா கிடையாது, கல்வெட்டு கிடையாது, பத்திரிகையில் படம் கிடையாது. அதனால்தான் பணமும் கிடையாது.

இப்போது கணக்குப் பாடம்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் 43,560 கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வகுத்துப் பாருங்கள். ஒரு டி.எம்.சி. தண்ணீரைக் கிட்டத்தட்ட 23,000 ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிறுத்தலாம். அப்படியானால் பரம்பிக்குளத்தில் போன ஆறு டி.எம்.சி.? ஆறால் பெருக்குங்கள். சுமார் 1,38,000 ஏக்கரில் ஒரு அடித் தண்ணீர். ஒரு சங்கிலி அறுந்ததால் ஒரே இரவில் போக ஆரம்பித்தது இவ்வளவு. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இருக்கும் நம் சம்பந்தி வீட்டாரைக் கேளுங்கள், அந்தத் திட்டத்தின் ஒரு சுற்றுத் தண்ணீருக்கு அவர்கள் எத்தனை மாதம் காத்திருக்கிறார்கள் என்று.

பணக் கணக்கும் போடுவோம். அணைகளைப் புனரமைத்து மேம்படுத்தும் திட்டம் ஒன்று உலக வங்கிக் கடனோடு நாடு முழுக்க நடக்கிறது. 2012இல் தொடங்கிய முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. அடுத்த கட்டங்களுக்கு 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 19 மாநிலங்கள், 736 அணைகள், பத்து ஆண்டு, 10,211 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகை. 736ஆல் வகுத்தால் அணை ஒன்றுக்குச் சராசரி 14 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. பத்து ஆண்டுக்கும் சேர்த்து. அதாவது ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிகூட இல்லை. சராசரிதான் இது, அணைக்கு அணை மாறும். ஆனால் முக்கொம்பில் ஒரே இடத்துக்கு ஆன 387 கோடியை இதோடு வைத்துப் பாருங்கள். அந்தச் சராசரியில் 27 அணைகளைப் பத்து ஆண்டுக்குப் பார்த்துக்கொள்ளும் பணம் அது.

பல்லில் சின்ன ஓட்டை இருக்கும்போதே அடைத்துவிட்டால் சில நூறு ரூபாய். வலி வந்து கன்னம் வீங்கிய பிறகு போனால் பல ஆயிரம், பல்லும் போய்விடும். நம் வீட்டுக்குத் தெரிந்த கணக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரிய அணைகளுக்கு மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஆய்வு நடத்த வேண்டும். அணைக்குச் சொந்தக்காரர் யாரோ, அவர் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் தேவையான பணத்தைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. நம் மாநிலத்தின் பெரிய அணைகள் பெரும்பாலும் நீர்வளத்துறையிடமும் மின்வாரியத்திடமும் உள்ளன. ஆகவே அரசு தன் பணத்தைத் தானே ஒதுக்க வேண்டும். ஒதுக்குகிறதா என்று நாம்தான் கேட்க வேண்டும். ஏனென்றால் அது நம் பணம்.

"டீச்சர், பழசு வேண்டாம், புதுசாக் கட்டிட்டாப் போச்சு" என்று சொல்லும் மாணவர்களும் எனக்கு உண்டு. அவர்களுக்குத் தளவானூரைச் சொல்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே சுமார் 25 கோடியில் தடுப்பணை கட்டினார்கள். 2020இல் திறந்தார்கள். 2021 ஜனவரியில், ஐந்து மாதம்கூட ஆகாமல், ஒரு பக்கத்துச் சுவர் இடிந்து விழுந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் இன்னும் சேதம். ஆகவே புதுசு என்பதாலேயே உறுதி வந்துவிடாது. கட்டும்போது நிற்கிற கண்காணிப்பும், கட்டிய பிறகு தொடர்கிற கவனிப்பும் வேண்டும்.

பணம் பற்றிச் சொன்னேன். இனி அனுமதி. பணம் தயாராக இருந்தும் அனுமதி வராமல் நிற்கும் வேலைகள் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் முல்லைப் பெரியாறு. 1895இல் பயன்பாட்டுக்கு வந்த அணை. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்றது. பேபி அணையைப் பலப்படுத்திய பிறகு 152 அடி என்பது வழக்கின் நிலை. அந்தப் பேபி அணைக்குக் கீழே இருக்கும் 15 மரங்களை வெட்டினால்தான் வேலை தொடங்க முடியும். 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது. சில நாட்களிலேயே அந்த அனுமதி ரத்தானது. அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களின் பயத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். தலைக்கு மேலே நூறாண்டு கடந்த அணை இருந்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், பலப்படுத்தும் வேலையைத் தடுப்பது அந்தப் பயத்தைக் குறைக்காது, கூட்டும். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் சேர்த்துத்தான் பராமரிப்பு.

அது இரண்டு மாநில விவகாரம். நம் ஊர் ஏரிக்கு வருவோம். அங்கேயும் அனுமதிதான் சிக்கல்.

அணையும் ஏரியும் ஆண்டுக்கு ஆண்டு வண்டலால் தூர்ந்துகொண்டே வருகின்றன. மேட்டூர் அணை 1934இல் திறந்தது. 2017இல்தான், 83 ஆண்டு கழித்து, முதல் முறையாக அங்கே வண்டல் எடுக்கத் தொடங்கினார்கள். மேட்டூருக்கே அப்படி என்றால் நம் ஊர் ஏரியை யார் நினைப்பது? இத்தனைக்கும் வண்டல் குப்பை கிடையாது. வயலுக்கு அது நல்ல உரம். ஏரிக்குப் பாரம், வயலுக்கு ஆகாரம். எடுத்தால் இரண்டு பக்கமும் லாபம். அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று ஊரே கூடி வாய்க்கால் வெட்டி, ஏரி மண்ணை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டியது இதனால்தான்.

இப்போது விதிப்படி விவசாயி இலவசமாக எடுக்கலாம். நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது சுமார் 25 டிராக்டர் லோடு. புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர், சுமார் 30 லோடு. ஆனால் அனுமதி வேண்டும்.

என் தம்பிக்கு ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். சில ஆண்டுகளுக்கு முன்னால், அனுமதி மாவட்ட அளவில் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், வண்டல் அடிக்க மனு கொடுத்தான். சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று எல்லாம் வைத்துத்தான் கொடுத்தான். இந்த அலுவலகத்தில் அங்கே போ என்றார்கள், அங்கே போனால் இன்னொரு துறையின் கையெழுத்து என்றார்கள். ஏரி காய்ந்து கிடந்த அந்த இரண்டு மாதமும் அலைச்சலிலேயே போனது. நம்பிக்கையில் தம்பி மனைவி வளையலை அடகு வைத்து டிராக்டர்காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தாள். அனுமதித் தாள் கைக்கு வந்தபோது ஏரியில் முழங்கால் தண்ணீர். முன்பணம் போனதுதான் மிச்சம்.

அந்த இரண்டு மாதமும் இரவில் அதே ஏரியிலிருந்து லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவை வயலுக்குப் போகவில்லை. மனை போட்ட இடத்துக்குப் போயின. எந்த அலுவலகம், எந்த ஆள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் எல்லா ஏரிக்கரையிலும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன் என்பதால் ஒருவர் பெயரை எழுதி ஆகப் போவதும் ஒன்றுமில்லை.

2024 ஜூனில் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. வண்டல் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே கொடுக்கலாம் என்று மாற்றியது. விவசாயிக்கும் மண்பாண்டத் தொழிலாளிக்கும் அலைச்சல் குறைந்தது. நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அனுமதி எளிதாகும்போது கண்காணிப்பும் கூட வேண்டும். இல்லையென்றால் விவசாயி பெயரில் தாள் வாங்கி, வியாபாரி லாரி ஓட்டுவான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மறுபடியும் கணக்குத்தான். நூறு ஏக்கர் பரப்புள்ள ஓர் ஏரி. அதன் கீழ் இருநூறு ஏக்கர் ஆயக்கட்டு என்று வையுங்கள். இருநூறு ஏக்கர்காரர்களும் ஒருவர் விடாமல் தங்கள் 75 கன மீட்டரை முழுதாக எடுத்தால் 15,000 கன மீட்டர். அதாவது 5,000 டிராக்டர் லோடு. ஏரி முழுக்கப் பரவலாகச் சுரண்டினால் தரை எவ்வளவு இறங்கும் தெரியுமா? ஒன்றரை அங்குலம். அவ்வளவுதான். ஏரிக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஆள் நின்றால் தலை தெரியாத பள்ளங்கள் இருந்தால், அது எந்த விவசாயியின் வயலுக்குப் போன மண் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பள்ளம் ஆழமாக இருந்தால் தண்ணீர் அதிகம் நிற்குமே, நல்லதுதானே என்று சிலர் சொல்வார்கள். மடை மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வாய்க்காலில் ஏறி வராது. மாட்டுக்கும் மீனுக்கும் ஆகும், வயலுக்கு ஆகாது. ஏரியின் அடியில் இருக்கும் களிமண் படிவம்தான் தண்ணீரைத் தாங்குகிறது. அதையும் வெட்டி மணல் வரை போய்விட்டால், நிற்கிற தண்ணீரும் இறங்கிப் போகும். கரைக்குப் பக்கத்தில் தோண்டினால் கரையே சரியும். குளிக்கப் போன பிள்ளைகள் அந்தப் பள்ளத்தில் சிக்குவதையும் கோடைதோறும் பேப்பரில் படிக்கிறோம். என் வகுப்பறையில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் படிபோல் சரிவாக இருக்கும் என்று நினைத்துக் கால் வைக்கும் இடத்தில் பத்தடி பள்ளம் இருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

இனி, நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

"பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கினால் அதையும் சாப்பிட்டுவிடுவார்கள்." சாப்பிடுவார்கள்தான், யாரும் பார்க்காவிட்டால். ரேஷன் கடையில் இருப்பு எவ்வளவு என்று பலகையில் எழுத வேண்டும் என்று வந்த பிறகு கேள்வி கேட்க நமக்கு வாய் வந்தது. அதே மாதிரி அணையிலும் ஏரியிலும் ஒரு பலகை. கடைசியாக ஷட்டரை இறக்கி ஏற்றிப் பார்த்த தேதி. இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை, செலவான தொகை. வண்டல் அனுமதி பெற்றவரின் சர்வே எண், எத்தனை லோடு, எந்தத் தேதி வரை. பலகை செய்யச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். உள்ளூர்க்காரன் கண்ணைவிடப் பெரிய தணிக்கை கிடையாது.

"இதெல்லாம் பொறியாளர் வேலை, நமக்கு என்ன தெரியும்?" எனக்கு ஆசிரியப் பயிற்சிப் படிப்புதான், பொறியியல் தெரியாது. ஆனால் கரையில் எலி வளை இருப்பதும், கருவேல மரம் வேர் விட்டிருப்பதும், மதகில் ஒழுகுவதும் தெரிய பொறியியல் வேண்டாம். பழைய காலத்தில் நீராணிக்காரர் இரவில் அரிக்கேன் விளக்கோடு கரையில் நடந்து ஒழுக்கலைக் கண்டுபிடித்தார். இன்று லஸ்கர், கரைக்காவலர் பணியிடங்களை நிரப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே அரசு ஒதுக்கும் பணத்தில் சிமெண்டுக்கு மட்டும் பங்கு போதாது. ஆளுக்கும் பங்கு வேண்டும்.

"டீச்சர் எதிர்க்கட்சி மாதிரிப் பேசறீங்க." இல்லையப்பா. மேலே சொன்ன தேதிகளைப் பாருங்கள். வெவ்வேறு ஆட்சி, வெவ்வேறு மாநிலம். ஷட்டருக்குக் கட்சி கிடையாது. எந்த ஆட்சியானாலும் கிரீஸ் போடாவிட்டால் துருப்பிடிக்கும்.

குஜராத்தில் 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சு அணை உடைந்து மோர்பி நகரமே அழிந்தது. அன்றைக்கு வந்த வெள்ளம் அணை தாங்கக்கூடியதைவிட மிக அதிகம். அந்த நேரத்தில் 18 ஷட்டர்களில் மூன்றைத் திறக்கவே முடியவில்லை. ஆயிரக்கணக்கில் மக்கள் இறந்தார்கள். எந்த வெள்ளம் வரும் என்பது நம் கையில் இல்லை. வரும்போது எல்லா ஷட்டரும் திறக்குமா என்பது நம் கையில் இருக்கிறது. பருவமழையின் போக்கு மாறி, ஒரு மாத மழை ஒரு நாளில் கொட்டும் இந்தக் காலத்தில் அது இன்னும் முக்கியம்.

இனி வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் பழக்கம் போகாது.

ஊரில் இருப்பவர்கள் கிராம சபைக்குப் போங்கள். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கோடை தொடங்கும் நேரம். ஏரி காயும் முன்னே வண்டல் அனுமதி மனுக்களை வாங்கி முடிக்க வேண்டும் என்றும், கரையில் பலகை வைக்க வேண்டும் என்றும் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் உட்காரச் சொல்வார்கள். பத்துப் பேர் கேட்டால் எழுதிக்கொள்வார்கள்.

ஊருக்கு வர முடியாதவர்கள் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். உங்கள் ஊருக்குத் தண்ணீர் வரும் அணையோ, கதவணையோ, ஏரியோ, அதற்குக் கடந்த ஐந்து ஆண்டில் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, ஷட்டரை கடைசியாகச் சோதித்தது எப்போது. மூன்றே கேள்வி. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

என் மாணவர்களில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். ஒப்பந்ததாரர்கள் இருக்கிறீர்கள். நீர்வளத்துறையிலேயே வேலை பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உங்களிடம் கோபமாகப் பேச எனக்கு மனம் வராது. மேலே கேட்ட பணம் வராமல் நீங்கள் கையைப் பிசைந்து நிற்பதையும் அறிவேன். ஒன்றுதான் கேட்கிறேன். ஆய்வுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன், ஷட்டரை உண்மையாகவே ஒரு முறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். பணம் போதவில்லை என்றால் போதவில்லை என்று எழுத்தில் மேலே அனுப்புங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும். அதைவிட முக்கியம், அந்தத் தாளால் கீழே இருக்கும் ஊர் பிழைக்கலாம்.

அடுத்த முறை "இத்தனை கோடி ஒதுக்கீடு" என்று படம் வந்தால் கை தட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டி முடித்ததும் ஒரு கேள்வி சேர்த்து எழுதுங்கள்: "இதில் பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு?"

உங்கள் ஊர் ஏரி, மதகு, ஷட்டர் எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தவும் செய்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்